சார்புப் பிரதேசக் குடிமகள்

ஹாஃப் ட்ரீ ஹாலோ,
செயின்ட் ஹெலினா தீவு.
7 ஜனவரி 1984

அன்புள்ள எனிட் அக்காவுக்கு,

ரோவினா எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்களும் அத்தானும் பையன்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தந்தி கிடைத்திருக்கும். டிசம்பர் பத்தொன்பதாம் தேதி துணி உலர்த்தப் போன அம்மா, கொல்லைப் படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. மறுநாளே அடக்கம் செய்துவிட்டோம். மலைப்பாதை முழுக்க ஜனம். உங்கள் பெயரில் ஒரு மலர்வளையம் வைத்தேன். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. இப்போது இந்த வீட்டில் நான் மட்டும்தான். பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், தொண்டையைச் செருமக்கூடப் பயமாக இருக்கிறது. என் சத்தம் எனக்கே வேறு யாரோ மாதிரி கேட்கிறது.

அம்மாவின் தகரப் பெட்டியில் அவள் பாஸ்போர்ட் இருந்தது. உங்களைப் பார்க்க வருவதற்காக எடுத்து வைத்தாள் போலிருக்கிறது. ஒரு முத்திரைகூட விழவில்லை. அதில் ‘பிரிட்டனுக்கும் அதன் காலனிகளுக்கும் குடிமகள்’ என்று போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டு ஹெக்டர் மாமா போன மாதம் புதிதாக எடுத்தாரே, அதில் ‘பிரிட்டிஷ் சார்புப் பிரதேசங்களின் குடிமகன்’ என்று இருக்கிறது. போன வருஷத்திலிருந்து சட்டம் அப்படியாம். இந்தப் பாஸ்போர்ட்டோடு அங்கே வந்து இறங்கினால் தங்க விடமாட்டார்களாம். மாமா கடற்கரையில் எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிகிறார். “முப்பது வருஷமா ராணி படத்தைச் சுவத்துல மாட்டித் தூசி தட்டிக்கிட்டிருக்கேன். இப்ப என்னடான்னா, ‘நீ யாருப்பா, எங்க வீட்டு வாசப்படி ஏறாதே’ங்கறாங்க.”

அக்கா, நான் சுற்றி வளைக்கவில்லை. என்னை அங்கே அழைத்துக்கொள்வீர்களா? வருகிற மார்ச் ஒன்றாம் தேதி எனக்குப் பதினேழு முடிகிறது. வீட்டு வேலை எல்லாம் தெரியும். அதிகம் சாப்பிடமாட்டேன்.

கப்பல் நாளை கிளம்புகிறது, ஆகவே இத்துடன் முடிக்கிறேன்.
ரோவினா

*

ஸ்விண்டன்,
இங்கிலாந்து.
2 ஏப்ரல் 1984

என் அருமை ரோவிக்கு,

நாங்கள் இங்கே ஒருவாறு இருக்கிறோம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? பிப்ரவரிக் கப்பலுக்கே எழுத நினைத்தேன், முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

அம்மா செய்தி வந்தபோது சலவைக்கூடத்தில் வேலையில் இருந்தேன். இயந்திரம் ஓடுகிற சத்தத்தில் அழுவதில் ஒரு வசதி இருக்கிறது, யாருக்கும் கேட்காது. கிளிஃப் அன்றைக்குத் தானே சமைத்தார். நல்ல மனுஷன். அவருக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. பெரியவனுக்குக் கண்ணாடி போட்டாயிற்று. சின்னவன் ஒரு பல்லை விழுங்கிவிட்டு ஊரையே கூட்டினான்.

பாஸ்போர்ட் விஷயம் நானும் கேள்விப்பட்டேன். நான் சட்டம் மாறுவதற்கு முன்பே வந்து நிலைத்துவிட்டதால் எனக்கு இந்த ஊர்க் குடிமகள் என்றே கொடுத்துவிட்டார்கள். தங்கை தம்பிகளை அழைத்துக்கொள்ள வழியில்லை என்கிறார்கள். நாம் என்ன செய்ய முடியும், ரோவி? சட்டம் போடுகிறவர்கள் நம் தீவை வரைபடத்தில் பார்த்ததுகூட இருக்காது. எங்கள் வீடும் சின்னது.

ஒரு கம்பளிக் கோட்டு அனுப்பியிருக்கிறேன். மலைமேல் குளிருக்கு ஆகும்.

என்றும் உன் நினைவாக,
எனிட்

*

ஹாஃப் ட்ரீ ஹாலோ,
6 மே 1984

அன்புள்ள அக்காவுக்கு,

கோட்டு அளவாக இருக்கிறது. அத்தானின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். நான் சுகம்.

வடக்கே அசென்ஷன் தீவின் விமானதளத்தில் சமையல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். எனக்கும் ஒரு பாஸ்போர்ட் எடுத்து வைப்போம் என்று ஜேம்ஸ்டவுனில் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு இறங்கிப் போனேன். மேசையில் பெர்சி மாமா. அப்பாவோடு மீன்பிடிக்கப் போவாரே, அவர்தான். உங்களைப் பற்றிச் சொல்லி, “அக்கா கூப்பிட்டா நான் போகலாமா மாமா?” என்று கேட்டேன். “அக்கா கூப்பிட்டா ஆகாதும்மா. பெத்தவங்க யாராச்சும் அங்க குடியிருந்து, உனக்குப் பதினெட்டு முடியறதுக்குள்ள எழுதிக் கேட்டா, அந்த ஊர்க் குடிமகளாவே பதிஞ்சுக்கலாம். நல்ல காரணம் இருந்தா பெரும்பாலும் குடுத்துடறாங்க” என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் மைக்கூட்டைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர். அத்தனை பேருக்கும் திடீரென்று தரையில் ஏதோ கிடந்தது போலிருக்கிறது, எல்லோரும் குனிந்துகொண்டார்கள்.

பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார். அதையும் எழுதிக் கொடுத்து வாங்கினேன்.

தகப்பன் பெயருக்கு நேரே வெறும் கோடு. தாய் பெயருக்கு நேரே இருப்பது நம் அம்மாவின் பெயர் இல்லை. யாருடையது என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை.

நம் தீவில் கடைசிப் பிள்ளைக்கும் மூத்த மகளுக்கும் பதினெட்டு இருபது வயது வித்தியாசம் இருக்கிற வீடுகள் எத்தனை. யாரும் யாரையும் கேட்பதில்லை. நானும் பல வீடுகளைப் பற்றி நினைத்திருக்கிறேன், நம் வீட்டைப் பற்றித்தான் நினைத்ததில்லை. முட்டாள். பெர்சி மாமாவுக்குத் தெரியும், ஹெக்டர் மாமாவுக்குத் தெரியும், ரொட்டி விற்கிறவளுக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். நல்லதுக்குத்தான் செய்திருப்பார்கள்.

பதில் எழுதுங்கள்.
ரோவினா

*

ஸ்விண்டன்,
1 ஜூன் 1984

என் அருமை ரோவிக்கு,

எல்லோரும் சுகம். உனக்குச் சளி ஒன்றும் இல்லையே?

இந்த வருஷம் தக்காளிச் செடி வைத்தேன். நான்கு செடி, மூன்று பிழைத்தன. கோடை என்று பெயர்தான், போர்வையை எடுத்து வைக்க முடியவில்லை. சின்னவனுக்குத் தட்டம்மை போட்டு ஆறிவிட்டது. பெரியவன் பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவதாக வந்தான். மூன்று பேர்தான் ஓடினார்கள் என்று கிளிஃப் கேலி செய்கிறார்.

கோட்டு அளவாக இருந்ததில் சந்தோஷம். அடுத்த முறை பாதரட்சை அனுப்புகிறேன், காலை ஒரு காகிதத்தில் வைத்து அளவு வரைந்து அனுப்பு.

வீட்டுக்கு வருகிற கடிதங்களைக் கிளிஃப்தான் முதலில் பிரிக்கிறார். ஒளிவுமறைவு இல்லாத மனுஷன், அவருக்கு அது தப்பாகவே தெரியாது. நல்லவேளை, போன கடிதம் வந்த அன்றைக்கு அவருக்கு வேலை. “உன் தங்கச்சி எழுதிருக்காளா, என்ன சொல்றா?” என்று கேட்டார். கோட்டு அளவாக இருக்கிறதாம் என்றேன். இனிமேல் உறையின் பின்னால் எழுதியிருக்கிற சலவைக்கூடத்து முகவரிக்கே எழுது, கண்ணு.

தக்காளி பூத்துவிட்டதா என்று பார்க்கப் போக வேண்டும்.
எனிட்

*

ஹாஃப் ட்ரீ ஹாலோ,
6 ஜூலை 1984

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சொன்ன முகவரிக்கே எழுதுகிறேன். உங்கள் தக்காளியும் பையன்களும் சுகமாக இருக்கட்டும்.

கால் அளவை அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக ஒரு படிவம் வைத்திருக்கிறேன். பெர்சி மாமா கொடுத்தது. மற்ற எல்லாவற்றையும் நானே நிரப்பிவிட்டேன். ‘விண்ணப்பிப்பவர்’ என்ற இடத்தில் உங்கள் பெயரும், ‘பிள்ளைக்கு என்ன உறவு’ என்ற கட்டத்தில் ஒரு சொல்லும், கீழே கையெழுத்தும்தான் பாக்கி. சான்றிதழின் நகலையும் சேர்த்திருக்கிறேன். 1985 மார்ச் ஒன்றாம் தேதிக்குள் இங்கே அலுவலகத்தில் வந்து சேர வேண்டும். ஒருநாள் தாண்டினாலும் செல்லாது.

அக்கா, உங்கள் வீட்டில் நான் வேறு எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டேன். அத்தான் முன்னால் தங்கைதான். பையன்களுக்குச் சித்திதான். வீட்டில் இடம் இல்லையென்றால் வேறெங்காவது அறை எடுத்துக்கொள்வேன். தாய் என்று அந்த ஒரு கட்டத்தில் மட்டும் இருங்கள். அரசாங்கத்துக் காகிதத்தை யார் படிக்கப்போகிறார்கள்? பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள்.

நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சாயங்காலமானால் பேச்சுத் துணைக்கு ஆளில்லை, அவ்வளவுதான். நேற்று ஹெக்டர் மாமாவின் கழுதையிடம் அரைமணி நேரம் பேசினேன். அதுகூட நடுவில் திரும்பிக்கொண்டது.

உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கும்,
ரோவினா

*

ஸ்விண்டன்,
1 அக்டோபர் 1984

ரோவி,

சுகம்தான். ஆகஸ்ட் கப்பலில் எழுத முடியவில்லை. சலவைக்கூடத்தில் இரண்டு பேர் விடுப்பு, என் இடுப்பு ஒடிந்துவிட்டது.

படிவம் கிடைத்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன். யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவசரப்படுத்தாதே. மார்ச் இன்னும் தூரம் இருக்கிறது.

நேரத்துக்குத் தூங்கு.
எனிட்

*

ஹாஃப் ட்ரீ ஹாலோ,
6 நவம்பர் 1984

அன்புள்ள அக்காவுக்கு,

இடுப்பு இப்போது எப்படி இருக்கிறது? பாரம் தூக்காதீர்கள்.

என் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அட்டை அம்மாவுடையதைப் போலவே நீலம், அதே சிங்கமும் குதிரையும். உள்ளே திறந்தால்தான் வித்தியாசம். ‘சார்புப் பிரதேசங்களின் குடிமகள்’ என்ற வரியை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். அம்மாவுடையதையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அவள் ஒருநாளும் எங்கும் போகாமலே எல்லா இடத்துக்கும் உரியவளாக இருந்திருக்கிறாள். எனக்குப் போகவேண்டும் என்று வந்தபோது வாசலைச் சாத்திவிட்டார்கள்.

கையில் வாங்கும்போது பெர்சி மாமா, “வருத்தப்படாதேம்மா, இதுல எழுதினதை வச்சா மனுஷனை எடை போடறாங்க?” என்றார். “ஆமாம் மாமா, அதை வச்சுத்தான் போடறாங்க” என்றேன்.

அசென்ஷன் வேலைக்கு என்னை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷ ஒப்பந்தம், ஜூனில் போகச் சொல்கிறார்கள். கையெழுத்து இன்னும் போடவில்லை. உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

பையன்களுக்கு முத்தம்.
ரோவினா

*

ஸ்விண்டன்,
3 டிசம்பர் 1984

அன்பு ரோவிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து, எங்கள் நால்வரிடமிருந்தும். பொட்டலத்தில் பச்சைக் கவுன் ஒன்று இருக்கிறது. நீளம் அதிகமானால் மடித்துத் தைத்துக்கொள். பிஸ்கட் டப்பா கிளிஃப் தேர்ந்தெடுத்தது.

எனிட்

*

ஹாஃப் ட்ரீ ஹாலோ,
6 ஜனவரி 1985

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷம் உங்கள் எல்லோருக்கும் நோயில்லாமல் போகட்டும். கவுன் அழகாக இருக்கிறது. அத்தானுக்கு என் நன்றி.

கப்பல் வந்த அன்று நான்தான் தபாலுக்கு முதல் ஆள். பொட்டலத்தைப் பிரித்துக் கவுனை உதறினேன். பிஸ்கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவின் அடியில் பார்த்தேன். படிவம் இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று அம்மா செய்வதுபோல் பெரிய பானையில் கறிச்சோறு செய்துவிட்டேன். கை பழைய அளவை மறக்கவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாக வந்த கூட்டம் நம் வீட்டிலும் சாப்பிட்டது. ஹெக்டர் மாமா அக்கார்டியனை வைத்துவிட்டு, “பொண்ணே, எங்க வீட்டுக்கு வந்து படுத்துக்கோ. உன் அத்தை குறட்டை விடுவா, ஆனா கடிக்கமாட்டா” என்றார். போகவில்லை. அவர்கள் போன பிறகு மிச்சச் சோற்றை மூன்று நாள் தின்றேன்.

எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை, அக்கா. இதற்குமேல் நயமாக எழுதத் தெரியவில்லை.

உங்களுக்கு ஆகாத காரியம் என்றால் ஆகாது என்றே எழுதிவிடுங்கள். மனசை ஆற்றிக்கொள்வேன். பேசாமல் மட்டும் இருக்காதீர்கள். நான் போடுகிற கடிதமெல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கிறது. பிப்ரவரி ஆறாம் தேதி அங்கே கிளம்புகிற கப்பல் இருபத்து நான்காம் தேதி இங்கே வரும். அதுதான் கடைசி. அடுத்தது ஏப்ரலில். அதற்குள் எனக்குப் பதினெட்டு தாண்டிவிடும்.

ரோவினா

*

ஸ்விண்டன்,
2 பிப்ரவரி 1985

ரோவி, என் கண்ணே,

நலம் விசாரிக்க இன்று எனக்கு வாய் வரவில்லை. நேராகவே எழுதுகிறேன். பையன்களும் அவரும் கால்பந்து பார்க்கப் போயிருக்கிறார்கள், மூன்று மணி நேரம் இருக்கிறது.

நீ பிறந்தபோது எனக்குப் பத்தொன்பது. உன் தகப்பன் தென் திசைக் கப்பலில் வந்தவன், வந்த வழியே போய்விட்டான். அம்மா உன்னை என் மடியிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றி, “இது என் புள்ளை. ஊர்ல அப்படித்தான் சொல்லப்போறேன். நீ வேலைவெட்டியப் பாரு” என்றாள். ஊர் ஒப்புக்கொண்டது. நம் ஊர் இதிலெல்லாம் நல்ல ஊர். நீ பேச ஆரம்பித்ததும் அவளை அம்மா என்றாய், என்னை அக்கா என்றாய். நான்கு வருஷம் அதைக் கேட்டேன். சம்பாதிக்கத்தான் நான் கப்பல் ஏறினேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் காதால் கேட்க முடியவில்லை, அதனால் ஓடிவந்தேன்.

கிளிஃப் முதல் முறை என் அறைக்கு வந்தபோது உன் படத்தைப் பார்த்து யார் என்று கேட்டார். தங்கை என்று வாயில் வந்துவிட்டது. பதினோரு வருஷமாக அதை மாற்ற நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் முன்னைவிடக் கஷ்டமாகிறது. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வேன்? பெற்ற பிள்ளையை மறைத்தவள் இன்னும் எதையெல்லாம் மறைத்தாளோ என்று ஒருமுறை அவர் நினைத்துவிட்டால், என் வீடு அப்புறம் வீடாக இருக்காது. அதற்குத்தான் பயந்தேன். உன்மேல் ஆசை இல்லாமல் இல்லை.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தக் கட்டத்தில் ‘தாய்’ என்று எழுதியிருக்கிறேன். எழுதி முடித்துவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாளை மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் தபாலில் சேர்த்துவிடுவேன். நீ வா. வந்த பிறகு கிளிஃபிடம் என்ன சொல்வது என்று இரண்டு பேருமாக யோசிக்கலாம்.

உன்னைப் பெற்ற,
எனிட்

*

அசென்ஷன் தீவு.
16 ஜூன் 1985

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வந்து ஒரு வாரமாகிறது. வெயில் தவிர வேறு குறையில்லை. உங்கள் எல்லோருடைய சுகத்தையும் எழுதுங்கள். இங்கிருந்து கடிதம் விமானத்தில் போகிறது, நாலைந்து நாளில் உங்கள் கைக்கு வந்துவிடும்.

உங்கள் பிப்ரவரிக் கடிதம் ஏப்ரல் இருபத்திரண்டாம் தேதி வந்தது. பிப்ரவரிக் கப்பலில் எனக்கு ஒன்றும் வரவில்லை. மார்ச் ஒன்றாம் தேதி பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்குக் கேக் செய்தார்கள், சாப்பிட்டேன். ஏப்ரலில் கடிதம் வந்ததும் ஒருமுறைதான் படித்தேன். படிவத்தை எடுத்துக்கொண்டு பெர்சி மாமாவிடம் ஓடினேன்.

“யாரும்மா அனுப்புனது?” என்றார்.

“எங்கம்மா.”

பதினெட்டு வருஷத்தில் அந்த அர்த்தத்தில் நான் அதைச் சொன்னது அன்றுதான். மாமா எழுந்து நின்றுவிட்டார். படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அம்பத்திரண்டு நாள் தாண்டிடுச்சேம்மா. இதை நான் வாங்கினாலும் அவங்க வாங்கமாட்டாங்க” என்றார். அப்புறம் உறையைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

கடிதத்தில் பிப்ரவரி இரண்டு என்று போட்டிருக்கிறீர்கள். உறையில் தபால் முத்திரை பிப்ரவரி எட்டு. கப்பல் ஆறாம் தேதி கிளம்புகிறது என்று நான் எழுதியிருந்தேன்.

தபால்பெட்டி உங்கள் வேலைக்குப் போகிற வழியில்தான் இருக்கிறது, நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆறு நாளும் அது எங்கே இருந்தது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். தினமும் கைப்பையில் போய்த் தினமும் திரும்பி வந்திருக்கும் என்று தோன்றுகிறது. நீங்கள் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் கடிதத்தை எழுதியே இருக்கமாட்டீர்கள், பிந்தியும் அனுப்பியிருக்கமாட்டீர்கள். கப்பல் போய்விட்டது என்று தெரிந்ததும்தான் உங்களுக்கு அதை அனுப்பத் தைரியம் வந்திருக்கிறது. எனக்கு அது புரிகிறது. புரிந்ததால் வலி குறையவில்லை.

இந்தத் தீவில் யாருக்குமே தங்குகிற உரிமை கிடையாது. ஒப்பந்தம் முடிந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆகவே என் பாஸ்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று இங்கே யாரும் கேட்பதில்லை. விமானத்தில் அங்கே போகிறவர்களுக்கு நான்தான் முட்டை பொரித்துப் போடுகிறேன். தட்டை வாங்கிக்கொண்டு வெயிலைப் பற்றி நல்லபடியாக இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறார்கள். கொட்டகையில் என்னோடு ஐந்து பெண்கள், எல்லோரும் நம் ஊர். அவர்கள் பேசிக்கொண்டிருப்பது இதமாக இருக்கிறது.

வந்த அன்று வேலைக்கான தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குத் தெரிவிப்பது என்று ஒரு வரி இருந்தது. உங்கள் பெயரை எழுதினேன். வீட்டு முகவரியையே கொடுத்தேன். அதற்குப் பக்கத்தில் என்ன உறவு என்று கேட்டிருந்தார்கள். அத்தான் பிரித்துப் படித்தாலும் உங்களுக்குச் சங்கடம் வராதபடி, அக்கா என்று எழுதிக் கொடுத்தேன். எனக்கு ஆறு நாள் தேவைப்படவில்லை.

ரோவினா